சைக்கிள் தாளம் தட்டிய வழக்கு

"மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்றைக்கே பாட்டை நிறுத்தியிருக்க வேண்டும்" என்று தலைவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். வாக்கியம் அறை முழுக்கப் பரவி எல்லார் தலையிலும் இறங்க அவகாசம் கொடுக்கிறாராம். "உருளுவதா, பாடுவதா? இரண்டில் ஒன்றைத்தான் மனிதன் எடுத்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்று பேராசைப்பட்டான். அன்றிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறான்."

மேசையைச் சுற்றியிருந்த அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். ஆட்டுவது தாளத்தில் சேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்கள் கழுத்தில் தெரிந்தது.

சுவரோரம் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் பல்செட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்த அறையில் ஒரே ஒரு காரியம்தான். பிடித்து வைத்திருக்கிற சைக்கிளை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். செயற்கைப் பல் செய்யும் ஒரு லேபிலிருந்து பல் டாக்டர்களின் கிளினிக்குகளுக்குப் பல்செட் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பிழைப்பு. அவனுடைய இரண்டு கால், சைக்கிளின் இரண்டு சக்கரம், கேரியரில் கட்டிய தகரப் பெட்டி. இவ்வளவுதான் மொத்த நிறுவனமும்.

எதிரே உட்கார்ந்திருந்த நிறுவனம் அதைவிடப் பெரியது. பெயர் சாலைச் செவி வாரியம். எப்போதோ யாரோ ஒருவர், சைக்கிள் ஓட்டும்போது பாட்டுக் கேட்பது பாதுகாப்பா என்று மேலிடத்துக்கு ஒரு கேள்வி எழுதிப் போட்டார். சத்தத்தைக் குறைச்சு வை, ஒரு காதைத் தெருவுக்கு விடு, கண்ணைத் திறந்துகிட்டுப் போ என்று தெருமுனையில் நிற்கிற எவனும் சொல்லியிருப்பான். ஆனால் ஒரு வரிப் பதிலை வைத்துக்கொண்டு கட்டடம் கட்ட முடியாது. எனவே பதிலை விட்டுவிட்டுக் கேள்வியைப் பத்திரப்படுத்தி, அதைச் சுற்றி மாடி மாடியாக எழுப்பினார்கள். உள்ளே எங்கேயும் பாட்டுக் கிடையாது. லிஃப்டில் மட்டும் மெல்லிசை ஓடும். லிஃப்ட் உருளுவதில்லை, ஏறி இறங்குகிறது என்பதால் அதற்கு விலக்கு.

சைக்கிள் மாட்டிக்கொண்ட கதை சின்னது. வளைவில் செவி ஆய்வாளர் கை காட்டி நிறுத்தினார்.

"காதைக் காட்டு."

"காதா சார்?"

"ரெண்டு காதும்."

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஒரு காதில் பார்த்துவிட்டு மற்றதில் பார்த்தார். மறுபடி முதல் காதுக்கே வந்தார். "ஒண்ணும் இல்லையே" என்றார், வெகுநேரம் காத்திருந்த பஸ் நிற்காமல் போய்விட்டது போன்ற குரலில். "பாட்டை எங்கப்பா வச்சிருக்க?"

"எந்தப் பாட்டு சார்?"

"தலையை ஆட்டிக்கிட்டே வந்தியே, அந்தப் பாட்டு."

"ரோடு அப்படி சார். நீங்க ஓட்டினாலும் ஆடும்."

"ரோட்டைச் சொல்லாத. ரோடு வேற டிபார்ட்மென்ட்."

ஆய்வாளர் சைக்கிளை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். பெட்டி மூடி தட்டியது. உள்ளே இருந்த பல் அச்சுகள், டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் மாவு வைத்து எடுத்து அனுப்பும் வெள்ளைக் கற்கள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. டக்கு, டக டக்கு. டக்கு, டக டக்கு. ஆய்வாளரின் பூட்ஸ் நுனி தரையில் தட்ட ஆரம்பித்தது. யார் வீட்டு நாயோ தன் காலடியில் படுத்திருப்பது போல அவர் அதைக் குனிந்து பார்த்தார். பூட்ஸ் நின்றது.

"உன் வண்டி தாளம் போடுதுப்பா."

"அது மூடி சார். லூஸா இருக்கு."

"மூடியா இருந்தா என்ன, மத்தளமா இருந்தா என்ன? போட்டுதா இல்லையா?"

போட்டது என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைத்தான் பிறகு ஒப்புதல் வாக்குமூலம் என்றார்கள். பல்செட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். அச்சுக் கற்கள் சான்றுப் பொருள், பெட்டி சான்றுப் பொருள், சைக்கிள் குற்றவாளி.

அவன் பல்செட்டுகளைத் துண்டில் முடிந்து, வேர்த்து விறுவிறுத்து நடந்தே கொடுத்துவிட்டு லேபுக்கு வந்தான். லேப் அக்கா ஒரு மேல்தாடையை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"பாட்டுக் கேட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா."

"வேற எதுக்குப் புடிச்சாங்க?"

"மூடிக்கு."

அக்கா அரத்தைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க, ஊர்ல பாதிப் பேரு பொக்கை வாயோட எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நடந்து நடந்து கொடுத்தா அவங்க ஈறு காய்ச்சுப் போயிரும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சைக்கிளோட வாங்க. இல்லேன்னா ஸ்கூட்டர் வச்சிருக்கற ஒருத்தர் வேலை கேட்டுக்கிட்டே இருக்கார். அப்புறம் அக்கா இப்படிப் பண்ணிட்டாளேன்னு மனசுல வச்சுக்கக் கூடாது."

"ஸ்கூட்டர்ல தாளம் போட்டாப் புடிக்க மாட்டாங்களாக்கா?"

"அதுக்குத் தனி வாரியமாம். இன்னும் ஆரம்பிக்கல."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவன் மனைவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கு விசில்கூட அடிக்க வராதே. பொண்ணு தூங்க நீங்க பாடினா, அது எழுந்து என்கிட்ட ஓடி வந்துரும். உங்களையா பாட்டுக் கேஸ்ல புடிச்சாங்க?" சிரிப்பு ஓய்ந்ததும், "வேலை போயிருமா?" என்று கேட்டாள். அவன் பல்செட் முடிந்திருந்த துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

முதல் விசாரணையில் தலைவர் சக்கரத்தையும் மனித குலத்தையும் பேசி முடித்துவிட்டு, "முதலில் இவர் செவி சோதிக்கப்படட்டும்" என்று எழுந்துவிட்டார்.

செவி சோதனை அறையில் ஒரு சைக்கிளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு தெரு வரைந்திருந்தது. தெருவில் யாருமில்லை. ஹாரன் சத்தம் வரும், வந்தால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஆனால் அறையின் ஏசி போட்ட உறுமலில் ஹாரன் காதில் விழவே இல்லை. சோதிக்கிறவருக்கும் விழவில்லை. ஏசியை நிறுத்தலாமே என்றால், அதன் சுவிட்ச் வேறு பிரிவின் பொறுப்பில் இருந்தது. அந்தப் பிரிவு லீவில் இருந்தது.

ஆய்வாளர் ஒரு பெரிய ஹெட்போனை நீட்டினார். "இதை மாட்டிக்கோ."

"சைக்கிள்ல காதுல எதுவும் மாட்டக் கூடாதுன்னுதானே சார் சட்டம்?"

"மாட்டாம இருந்தா நல்லாக் கேக்குதான்னு பார்க்கறதுக்குத்தான்பா மாட்டச் சொல்றோம். கொஞ்சமாவது ஒத்துழைப்பு குடு."

மாட்டினான். ஹெட்போனில் ஹாரன் அடித்தது, கையைத் தூக்கினான். மறுபடி அடித்தது, தூக்கினான். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆய்வாளர் மனமில்லாமல் "தேர்ச்சி" என்று எழுதிக்கொண்டிருக்கையில், கதவைத் திறந்துகொண்டு இன்னொரு ஆய்வாளர் வந்தார். சைக்கிள் மேல் ஒருவன், காதில் ஹெட்போன், ஒரு கை காற்றில். அவர் தன் கடமையைச் செய்தார். இரண்டாவது வழக்குப் பதிவாயிற்று. வாரியத்தின் சொந்த வளாகத்துக்குள்ளேயே, வாரியத்தின் சொந்தச் சைக்கிளில், வாரியத்தின் சொந்தக் கருவியை மாட்டிக்கொண்டு அகப்பட்டது, குற்றத்தின் துணிச்சலைக் காட்டுகிறது என்று அறிக்கையில் இருந்தது.

மறுநாள் தாள நிபுணர் வந்தார். தட்டுவது வெறும் சத்தமா இசையா என்று அவர்தான் தீர்மானிக்க வேண்டும். பல்செட்டுக்காரன் தன் சைக்கிளை நீளமான வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டினான். நிபுணர் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கினார்.

"ஏழு" என்றார்.

"எட்டு சார்" என்றார் கணக்குப் பிரிவு அதிகாரி. அவரை யாரும் கேட்கவில்லை.

"ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமதான் இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தீங்களா?"

"நான் கணக்குல பார்த்தேன் சார். நீங்க கையில பார்க்கறீங்க."

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தபால் பிரிவு அம்மா நிலைப்படியில் சாய்ந்து பேனாவால் கதவைத் தட்டிக்கொண்டே கேட்டார். யாரோ ஒருவர், "அந்தக் கோடியிலேர்ந்து கொஞ்சம் வேகமா வரச் சொல்லுங்களேன், துரித காலத்துல எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார். முட்டி கழன்றுவிடும்போல ஆகும்வரை உருட்ட வைத்தார்கள். கடைசியில் நிபுணர் கண்ணைத் திறந்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"கடைசித் தட்டுக்கு முன்னால ஒரு சின்ன இழுப்பு வருது பாருங்க. இது சும்மா ஆடற மூடி இல்ல. பழகின கை."

"கை இல்ல சார், பின் சக்கரம் கோணல்" என்றான் பல்செட்டுக்காரன்.

"கோணல்னு நீங்க சொல்றீங்க. நாங்க அதை நடைன்னு சொல்லுவோம்."

ஆக, சைக்கிள் ஒரு வாத்தியம் என்றும், ஓட்டுகிறவன் அதை வாசிக்கிறான் என்றும் தீர்ப்பாயிற்று. தாளம் ஏழா எட்டா என்பது மட்டும் தனி அமர்வுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. "வாத்தியத்தை அடக்கிக்கொண்டு வாரும்" என்று தலைவர் உத்தரவிட்டார். அவர் கோபம் வந்தால் பழைய தமிழுக்குப் போய்விடுவார்.

இது அவனால் முடிகிற வேலை. வாரியத்தின் பின்முற்றத்திலேயே சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினான். செயினுக்கு எண்ணெய் விட்டான். அச்சுக் கற்களைப் பழைய துணியில் தனித்தனியாகச் சுற்றினான். மூடிக்கு அடியில் மனைவியின் கிழிந்த புடவைத் துண்டை மடித்து வைத்தான். பின் சக்கரத்தின் கம்பிகளை இழுத்துக் கோணலை எடுத்தான். உருட்டிப் பார்த்தால் பூனை நடப்பதுபோல இருந்தது. சந்தோஷமாக வராந்தாவுக்கு உருட்டிக்கொண்டு வந்தான்.

கை நிறைய ஃபைல்களோடு திரும்பிய கணக்குப் பிரிவு அதிகாரி நேராக வந்து சைக்கிள் மேலேயே விழுந்தார்.

மூன்றாவது வழக்கு: ஓசையின்றி அணுகுதல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய விசாரணை. அதிகாரி முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சாட்சி சொன்னார். தலைவர் எழுந்தார்.

"சத்தம் போட்டால் ஆபத்து. சத்தம் போடாவிட்டால் பேராபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வாரியம். கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் வாரியம் எதற்கு என்று கேட்பார்கள். அதனால்தான் நாம் எதிலும் அவசரப்படுவதில்லை."

கைதட்டினார்கள். தாளம் விழாதபடி ஆளுக்கொரு நேரத்தில் தட்டினார்கள். தகரக் கூரையில் காய் விழுவதுபோல இருந்தது.

"வண்டி சத்தம் போடலாம்" என்றார் ஆய்வாளர். "ஆனா அந்தச் சத்தம் தாளமா இருக்கக் கூடாது. ஒரு தட்டு தட்டினா, அடுத்த தட்டு எப்ப வரும்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"அது எப்படி சார் முடியும்?" என்றான் பல்செட்டுக்காரன். "சக்கரம் சுத்துதே. சுத்தச் சுத்த அதே இடத்துக்குத்தானே வரும்?"

தலைவர் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதைத்தான் நான் முதல் நாளிலேயே சொன்னேன். மூல காரணம் சக்கரம். அது வட்டமாக இருப்பதால்தான் எல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. வட்டத்தைப் பற்றி நாம் ஏதாவது செய்தாக வேண்டும்."

"ஒரு பக்கம் லேசாத் தட்டையாக்கிட்டா?" என்றார் ஆய்வாளர்.

"சுத்துக்கு ஒரு தட்டு விழும். தாளம் இன்னும் சுத்தமா இருக்கும்" என்றார் நிபுணர், கொஞ்சம் ஆசையோடு.

சதுரச் சக்கரத்தின் பாதுகாப்பை ஆராய ஒரு துணைக்குழுவுக்குப் பெயர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பல்செட்டுக்காரன் ஜன்னலைப் பார்த்தான். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அக்கா சொன்ன சாயங்காலம் இப்படியே வந்துவிடும். அவனுக்குப் பொறுக்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஐயா, நீங்க சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?"

பெயர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. தலைவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். இந்த மாதிரி ஒரு கேள்வியைச் சந்திக்காமலே ஒரு மனிதர் எத்தனை தூரம் உயர முடியும் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"ஓட்டியிருக்கிறீரா என்றா கேட்டீர்? என் கவனத்தின் குறுக்கே இதுவரை ஒரு ஈகூடப் பறந்ததில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவன் கோழை. தெருவின் நிசப்தத்தைத் தாங்கத் தைரியம் இல்லாதவன். பாடிக்கொண்டே ஓட்டுகிறானே, அவனை நான் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை." அவர் கோட்டைக் கழற்றி ஆய்வாளர் கையில் கொடுத்தார். "கொண்டுவாரும் அந்த வாத்தியத்தை. நானே ஓட்டுகிறேன். கட்டடத்தைச் சுற்றி வருவேன். என் கவனம் சிதறாவிட்டால் வண்டி குற்றமற்றது, நீர் எடுத்துக்கொண்டு போகலாம். சிதறினால், பாகம் பாகமாகக் கழற்றி ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பாகமாக வைப்போம். எல்லாம் ஒன்றுகூடி இனித் தாளம் போட முடியாது."

வண்டி பழைய நிலைக்கு வர வேண்டும் என்றார்கள். பல்செட்டுக்காரன் குனிந்து, தான் முடுக்கியதையெல்லாம் தானே தளர்த்தினான். துணிகளைப் பிரித்தான். புடவைத் துண்டை உருவினான். கோணலைத் திரும்பக் கொண்டுவந்தான். நிபுணர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், அந்த இழுப்பு இன்னும் வரலை" என்று திருத்திக்கொண்டே இருந்தார்.

தலைவர் ஏறினார். முதலில் இரண்டு கால்களும் பெடலைத் தேடிக் காற்றில் அலைந்தன. வண்டி ஆய்வாளரை நோக்கிப் போய், மனம் மாறித் திரும்பியது. பிறகு நேராகிவிட்டது. டக்கு, டக டக்கு. நிமிர்ந்த முதுகு, சுருங்கிய புருவம். அதிகாரிகள் வாசலில் வரிசையாக நின்று கவனத்தைக் கவனித்தார்கள். தலைவர் கட்டடத்தின் மூலையில் திரும்பி மறைந்தார்.

பின்பக்கம் சாக்கடை மூடி ஒன்று உடைந்திருந்தது பல்செட்டுக்காரனுக்குத் தெரியும். அவர் விழுந்தாலும் பரவாயில்லை, சக்கரம் வளைந்துவிடக் கூடாது என்று அவன் மறுபக்கமாகப் பின்முற்றத்துக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

தலைவர் வந்தார். முதுகு தளர்ந்திருந்தது. ஒரு கை ஹேண்டில்பாரை விட்டிறங்கித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. தலை ஆடியது. ரோட்டால் இல்லை, அங்கே சிமென்ட் தரை. பாடிக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தியின் கண்ணைப் பற்றிய பாட்டு. அவள் ஜன்னலோரம் நிற்பதைப் பற்றி. சுருதி எங்கேயும் சேரவில்லை, ஆனால் அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை. முன்பக்கம் திரும்பாமல் முற்றத்திலேயே ஒரு சுற்று அடித்தார். அப்புறம் இன்னொன்று.

பல்செட்டுக்காரன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். பார்த்துவிட்டேன் என்று சொன்னால் கவனம் சிதறியது என்று ஆகும். சிதறினால் சைக்கிள் துண்டு துண்டு. அந்த ஆளின் மானத்தை இப்போது அவனே பொத்திக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தொட்டிக்குப் பின்னால் நகர்ந்து நின்றான்.

பாக்கெட்டில் போன் அடித்தது. லேப் அக்கா.

"தம்பி, அந்த ஸ்கூட்டர்காரர் வந்து உட்கார்ந்திருக்கார். வண்டி கிடைச்சுதா இல்லையா?"

"இதோ, இப்பக் குடுத்துருவாங்கக்கா."

"பின்னால என்ன பாட்டுச் சத்தம்? எங்க இருக்கீங்க?"

"வாரியத்துலதான்க்கா."

"சீக்கிரம் வாங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

தலைவர் வாசலுக்குத் திரும்பியபோது முதுகு மறுபடி நிமிர்ந்திருந்தது. ஏன் இத்தனை நேரம் என்று யாரும் கேட்கவில்லை. ஆழ்ந்த கவனம் மெதுவாகத்தான் வரும் என்று ஆய்வாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் இறங்கினார். சைக்கிளை யாரிடமும் கொடுக்கவில்லை.

"என் கவனம் ஊசிமுனை அளவும் சிதறவில்லை" என்றார். "இந்த வண்டி குற்றமற்றது."

பல்செட்டுக்காரன் கும்பிட்டுவிட்டு ஹேண்டில்பாரை நோக்கிக் கையை நீட்டினான்.

"பொறும். குற்றமற்றது என்பதுதான் விஷயம். தாளம் இருக்கிறது, ஆனாலும் கவனம் சிதறவில்லை. இப்படி ஒரு வண்டி இதுவரை நம் கைக்கு வந்ததில்லை. இதை ஆராயாமல் வெளியே விடுவது பொதுமக்களுக்குச் செய்யும் துரோகம்." அவர் கை தகரப் பெட்டியின் மேல் இருந்தது. "ஆராய்ச்சியை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை. நானே தினமும் செய்வேன். நீர் பெருமைப்பட வேண்டும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"அவசரப்பட மாட்டோம்" என்றார் தலைவர்.

ஸ்கூட்டர்காரர் அன்றே வேலையில் சேர்ந்துவிட்டார். அக்கா மனசு கேட்காமல், நடந்து போகிற தூரத்தில் இருக்கிற சின்னக் கிளினிக்குகளை மட்டும் அவனுக்கு விட்டுவைத்தார். முன்பு வந்ததில் கால்வாசிகூட அதில் தேறாது. மனைவி பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சின்னக் கிளினிக்குகளில் ஒன்றுக்குப் போகிற வழி வாரியத்தின் பின்சுவரை ஒட்டிப் போகும். ஒரு நாள் காலையில், அலுவலகம் திறக்கும் முன்பு, அவன் பல்செட்டுப் பையோடு அந்தப் பக்கம் நடந்தபோது உள்ளே டக்கு, டக டக்கு என்று கேட்டது. நின்றான். பின்கேட்டின் கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தான்.

முற்றத்தில் வேறு யாரும் இல்லை. தலைவர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். தாளத்தில் ஏதோ குறைகிற மாதிரி முகத்தை வைத்திருந்தார். மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார், எல்லாம் சாத்தியிருந்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். குனிந்து, பெட்டி மூடியின் திருகாணியை அரைச் சுற்று தளர்த்தினார். விரலால் தட்டிக் கேட்டார். இன்னும் ஒரு கால் சுற்று தளர்த்தினார். இப்போது சரியாக இருந்தது போலிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஏறி மிதித்தார்.